அந்நிய உதவியும் நாட்டுப் பாதுகாப்பும்

(குன்னூரில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், அந்நிய தேசத்தார் கொடுக்கும் உதவியானது ஒரு நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பதாகும். இது டெல்லியில் உள்ளவர்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், தேயிலை பறிக்கிறவர்களுக்கும் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைக்கும்படி நம்மை நெடுநாளாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இந்த நீலகிரியைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வெலிங்டனில் பட்டாளமும் இராணுவ அதிகாரிகளின் கல்லூரியும் இருக்கின்றன. இந்தக் குன்னூரில் நாய்க்கடிக்கு மருந்து செய்யும் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. மேற்கே குந்தாவில் மின்சார நிலையங்கள் இருக்கின்றன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளித் தோழர்கள் இருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் நமது விஷயத்துக்குச் சாட்சி சொல்லக் கூடியவையேயாகும்.

அந்நிய உதவி என்றவுடன் நம் நாட்டில் இரண்டு விதக் கூச்சல்கள் கிளம்புகின்றன. ஒன்று, பிறத்தியாரிடம் கை நீட்டுவது மானக்கேடு, நமது புராதனப் பெருமைக்கு இழுக்கு என்பது. மற்றொன்று, கொடுத்தவன் புண்ணியவான், அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்பது. இரண்டிலும் யோசனைக்கு இடமில்லை. முதலாவது வீண் ஜம்பம்; இரண்டாவது பக்தி. நம்மவர்களுக்குத் தானம் என்றாலே புராணம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் புராணத்தைத்தான் பாருங்களேன்! மூன்றடி மண் கேட்டு வந்தவன் கொடுத்தவனையே பாதாளத்தில் அழுத்தினான். கவச குண்டலத்தைப் பிச்சை கேட்டு வந்தவன் கர்ணனுடைய உயிருக்கே உலை வைத்தான். நமது தானக் கதைகளில் கொடுத்தவன் கெட்டுப் போவான். தேசங்களுடைய நடவடிக்கையிலோ, ஏமாந்தால் வாங்கினவன்தான் கெட்டுப் போவான். கர்ணனைப் பற்றிக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். எந்தத் தேசமும் அடுத்த தேசத்துக்குச் சும்மா கொடுப்பதில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து 1948ஆம் வருஷம் முதல் அமெரிக்கா ஐரோப்பாவுக்குப் பணத்தையும் பண்டத்தையும் கொட்டிக் கொடுத்தது. மார்ஷல் திட்டம் என்று அதற்குப் பெயர். பசியும் வேலையின்மையும் உள்ள இடத்தில் கம்யூனிஸ்டு கட்சி வளர்ந்துவிடும் என்ற பயம் அதற்கு ஒரு பெரிய காரணம். 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். அடுத்த ஜனவரி மாதத்திலேயே, 1950இல், பிரிட்டிஷ் காமன்வெல்த்து நாடுகளின் மந்திரிகள் கொழும்பில் கூடி ஆசியாவுக்கு உதவி செய்ய வேண்டியதைப் பற்றிப் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். 1951இல் அது நடைமுறைக்கு வந்தது. நமது பசியைக் கண்டு அவர்களுக்கு இரக்கமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் நமது பசி சீனாவின் பக்கத்தில் இருந்ததனால்தான் அவர்கள் கண்ணுக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இதைச் சொல்வதில் கோபத்துக்கு இடமில்லை. அவன் தன் பாதுகாப்புக்காகக் கொடுக்கிறான். நாம் நமது பாதுகாப்பை நினைத்து வாங்குகிறோமா என்பதே கேள்வி.

இந்தக் கொழும்புத் திட்டத்தின் பேரால் நமது மலைக்கு வந்தது குந்தா மின்சாரம். அதற்கு முன்னரே இங்கு மின்சாரம் உண்டாக்கத் தெரியாமல் இல்லை. காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து அரவங்காட்டு வெடிமருந்துச் சாலைக்கு மின்சாரம் எடுத்தது சென்ற நூற்றாண்டின் துவக்கத்திலேயே நடந்தது. வெள்ளைக்காரனுக்குக் குடிசையில் விளக்கு எரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, குண்டு செய்ய வேண்டும் என்று தோன்றிற்று. பிறகு 1932இல் பைக்காரா மின்சாரம், சென்னை மாகாண சர்க்கார் செலவில், சிங்காராவிலிருந்து கிளம்பிற்று. கோயமுத்தூர் ஆலைகள் பெருகினதற்கும், கிணறுகளில் கவலை போய் மோட்டார் வந்ததற்கும் அதுவே பெரிய காரணம். அது போதாமற்போன காலத்தில்தான் குந்தாத் திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய இடங்களில் நீரைத் தேக்கி, குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறக்கி, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப உருளைகளின் மேல் விழச் செய்து மின்சாரம் எடுக்கிற ஏற்பாடு அது. உருளைகளும் ஜெனரேட்டர்களும் கனடா தேசத்திலிருந்து வந்தன. 1960ஆம் வருஷத்தையொட்டி முதல் நிலையங்கள் ஓடத் துவங்கின.

தோழர்களே! யந்திரம் கனடாவிலிருந்து வந்தது. ஆனால் மலையைக் குடைந்தவர்கள் யார்? சுரங்கத்தில் கல் உடைத்தவர்கள் யார்? பனியில் மண் சுமந்த பெண்கள் யார்? நம்முடைய ஆட்கள்தானே! அந்த யந்திரங்களை ஓட்டவும், பழுது பார்க்கவும், பிறகு நிலையங்களைப் பெருக்கவும் நமது மின்சார போர்டு பொறியாளர்களும் தொழிலாளர்களும் கற்றுக்கொண்டார்கள். இன்று குந்தாத் தொகுதி முழுவதும் சேர்ந்து ஐந்நூறு மெகாவாட்டுக்கு மேல் சக்தியுடையது. நாளைக்கே கனடா தேசத்தார் நம்மோடு சண்டை போட்டுக்கொண்டாலும் கெத்தையில் ஒரு விளக்குக்கூட அணையாது. இப்படிப்பட்ட உதவியைத்தான் நாம் பாதுகாப்பு என்கிறோம். வந்த பொருள் வேலையாக மாறி, வேலை அறிவாக மாறி, அறிவு நம் கையிலேயே தங்கிவிட்டது.

ஆனால் இதிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அணை கட்டினால் தண்ணீருக்கடியில் மேய்ச்சல் நிலமும் சோலையும் போயின. மின்சாரம் கீழே ஆலைக்கும் வயலுக்கும் போயிற்று. நாட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும்போது, நிலத்தை இழந்தவன் அந்த நாட்டில் சேர்ந்தவனா இல்லையா? மெகாவாட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் இதையும் பக்கத்திலேயே எழுத வேண்டாமா?

நிற்க. அதே கனடா, அதே கொழும்புத் திட்டத்தின்கீழ், அதே வருஷங்களில், பம்பாய்க்குப் பக்கத்தில் டிராம்பேயில் ஓர் அணு உலையும் கொடுத்தது. 1956இல் ஒப்பந்தமாகி 1960 ஜூலையில் அது இயங்கத் துவங்கிற்று. சைரஸ் என்பது அதன் பெயர். அதற்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா கொடுத்தது. சமாதான காரியங்களுக்கே உபயோகிக்க வேண்டும் என்பது வாக்குறுதி. 1974 மே 18ஆம் தேதி ராஜஸ்தான் பாலைவனத்தில் போக்ரானில் வெடித்த அணுகுண்டுக்கு வேண்டிய புளுடோனியம் அந்த உலையிலிருந்து எடுத்ததுதான். வாக்குத் தவறிவிட்டார்கள் என்றது கனடா. இதுவும் சமாதான வெடிதான் என்றது டெல்லி. வெடித்ததற்குச் சிரிக்கும் புத்தர் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டார்கள்! கொல்லாமை சொன்ன அந்த மனிதரை இந்த ஒரு காரியத்திலாவது விட்டுவைத்திருக்கலாம்.

கனடா உடனே அணு உதவியை நிறுத்திற்று. ராஜஸ்தானில் அது கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பாதியில் நின்றது. நமது பொறியாளர்கள் வருஷக்கணக்காக மெனக்கெட்டு அதைத் தாங்களே முடித்தார்கள். நமது சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983இல் இயங்க ஆரம்பித்த உலையோ நம்மவர்களே கட்டியது. குண்டு வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவகாரம். அதை வேறொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். இங்கு கவனிக்க வேண்டியது, ஒரே கையிலிருந்து வந்த உதவி ஒரு பக்கம் விளக்காகவும் இன்னொரு பக்கம் குண்டாகவும் ஆயிற்று என்பதும், கொடுத்தவனுக்கு அது எப்படி ஆகப் போகிறது என்று கொடுக்கும்போதே தெரிந்திருக்க நியாயமில்லை என்பதுமாகும். கொழும்பில் கூடிய மந்திரிகள் எதற்குப் பயந்தார்களோ அதை விட்டுவிட்டு வேறொரு பயத்தைத் தங்கள் பணத்திலேயே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

இனி, வயிற்று விஷயத்துக்கு வருவோம். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். பட்டாளம் எவ்வளவு இருந்தாலும் பசித்த நாட்டுக்குப் பாதுகாப்பு ஏது?

அமெரிக்காவில் 1954ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். பொதுச் சட்டம் 480 என்பார்கள். அவர்கள் நாட்டில் கோதுமை தேவைக்கு மேல் விளைந்து களஞ்சியங்களில் குவிந்து கிடந்தது. அதைப் பிற நாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்துக்கே விற்றுவிடலாம் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. இந்தியா 1956இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1960 மே மாதத்தில் செய்த ஒப்பந்தத்தில் மட்டும் நான்கு வருஷத்துக்கு 160 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் பேசப்பட்டது. டாலர் கொடுக்க வேண்டாம், ரூபாய் கொடுத்தால் போதும், அந்த ரூபாயும் இந்த நாட்டிலேயே இருக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நமது ஆட்சியாளர்களுக்கும் இனித்தது. கப்பல் வந்துகொண்டே இருக்கும்போது வயலைப் பற்றிய கவலை குறைந்துபோயிற்று.

அந்தக் கோதுமையால் பசியாறவில்லை என்று நாம் சொன்னால் அது பொய்யாகும். காமராசர் காலத்துப் பள்ளிக்கூட மத்தியான உணவுக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தார் கொடுத்த பால் பவுடரும் தானியமும் சேர்ந்தன. அதைச் சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தச் சோற்றைக் கேவலமாகப் பேச நாம் வரவில்லை.

ஆனால் 1965லும் 1966லும் தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. பாகிஸ்தானோடு யுத்தமும் நடந்தது. வாரத்தில் ஒருவேளை சாப்பாட்டை விட்டுவிடும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். 1966இல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதாயிற்று. அந்தச் சமயம் பார்த்து அமெரிக்கத் தலைவர் ஜான்ஸன் நீண்டகால ஒப்பந்தம் செய்ய மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்குப் பார்த்துக் கப்பலை விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு நிர்ப்பந்தம். வியட்நாமில் அமெரிக்கா போட்ட குண்டுகளைப் பற்றி இந்தியா பேசினது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. கப்பலில் இருந்து இறங்கியதும் வாய்க்குப் போக வேண்டியதாயிருந்தது நமது நிலைமை. அந்த 1966 ஜூன் மாதத்திலேயே, வெளிநாட்டு உதவி கொடுப்பவர்களின் வற்புறுத்தலையொட்டி, ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். அதுவரை 4 ரூபாய் 76 காசுக்கு இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று.

தோழர்களே! எந்த எதிரியாவது ஒரு குண்டும் போடாமல் ஒரு நாட்டின் வாயை அடைக்க முடியுமா? முடியும் என்று அன்று தெரிந்தது. அதுவும் எதிரி அல்ல, உதவி செய்தவன்! எல்லைப்புறத்தில் பட்டாளம் காவல் நின்றது. அடுக்களைக்கு யார் காவல்?

சேர்ந்துபோன அந்த ரூபாய் மூட்டையின் கதையையும் கேளுங்கள். கோதுமைக்காக நாம் கொடுத்த ரூபாய் இந்த நாட்டிலேயே அமெரிக்காவின் கணக்கில் மலைபோல் ஏறிக்கொண்டு போயிற்று. அதை அவர்கள் செலவு செய்தாலும் ஆபத்து, செய்யாமல் வைத்திருந்தாலும் நமக்குச் சங்கடம். கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக் எழுதி நமது சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்தார். அதுவரை உலகத்தில் எழுதப்பட்ட செக்குகளில் அதுவே பெரியது என்று பேசிக்கொண்டார்கள். இது நடந்து மூன்று மாதத்தில்தான் போக்ரானில் குண்டு வெடித்தது. ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் மனத்தைத் தெரிந்துகொண்டிருந்தார்கள் பாருங்கள்!

இந்த இக்கட்டிலிருந்து நாடு தப்பித்த வழியும் ஓர் உதவிதான். ஆனால் அது வேறு ஜாதி உதவி. ஜாதி என்ற சொல்லை நாம் இந்த ஓர் இடத்தில் மட்டும் உபயோகித்துக்கொள்கிறோம்! மெக்ஸிகோ தேசத்தில் போர்லாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி குட்டைக் கோதுமை விதைகளை உண்டாக்கியிருந்தார். அந்தக் குட்டைத் தன்மை ஜப்பான் தேசத்துக் கோதுமை ஒன்றிலிருந்து வந்தது. எரு அதிகம் போட்டாலும் சாயாமல் நிற்கும். நமது கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியாயிருந்து, பலருடைய எதிர்ப்பையும் தாண்டி, 1966இல் 18,000 டன் விதையைக் கப்பலில் வரவழைத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் அதை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள். மெக்ஸிகோக் கோதுமை சிவப்பாயிருந்தது. வடக்கத்தியாருக்கு அந்த ரொட்டி பிடிக்கவில்லை. ஆகையால் மஞ்சள் மணியாக இருக்கிற ரகங்களை இங்கேயே பொறுக்கி எடுத்தார்கள். 1965இல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைவு, 1970இல் 200 லட்சம் டன்னாயிற்று. கோதுமையாக வந்த உதவி ஒரே நாளில் தின்று தீர்ந்தது. விதையாக வந்த உதவி, விதைக்கத் தெரிந்தவனிடத்தில் தங்கிவிட்டது.

இதில் நமது மலைக்கு ஒரு பெரிய பங்குண்டு. அது நம்மில் பலருக்கே தெரியாது. வெலிங்டனில் பட்டாளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணை இருப்பதைப் பார்ப்பதில்லை. கோதுமைக்குத் துரு நோய் என்று ஒரு வியாதி. இரும்பில் துரு பிடித்தாற்போல் தண்டிலும் தாளிலும் பொடி பூத்து, பயிரைத் தின்றுவிடும். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் இந்த நோயின் வித்துகள் செத்துவிடுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் திரும்ப எங்கிருந்து வருகின்றன? ஆக்ராவில் இருந்த பேராசிரியர் கே.சி. மேத்தா இதற்காகத் தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்டு, மலைகளின் குளிர்ச்சியில் அவை பிழைத்திருந்து காற்றில் இறங்குகின்றன என்று கண்டார். தெற்கே அவை பிழைத்திருக்கும் இடங்கள் இந்த நீலகிரியும் பழனி மலையுமாகும். கடவுள் கோபம் என்றும் கிரகக் கோளாறு என்றும் சொல்லி உழவர்கள் பூசை போட்டுக்கொண்டிருந்த வியாதிக்கு வேர் இங்கே இருந்தது.

வியாதியின் வேர் இருக்கும் இடமே அதைச் சோதிப்பதற்கும் ஏற்ற இடம். ஆகவே வெலிங்டனில் புதுப்புது ரகங்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். துரு பிடித்தவற்றைத் தள்ளிவிட்டுத் தாங்கி நிற்பவற்றை எடுக்கிறார்கள். அன்றியும், வடக்கே சித்திரையில் அறுத்த விதையை இந்தக் குளிரில் கோடையிலேயே விதைத்து, ஐப்பசிக்குள் அறுத்து, மறுபடி வடக்கே அனுப்பிவிடலாம். ஒரு வருஷத்தில் இரண்டு தலைமுறை. பத்து வருஷ ஆராய்ச்சி ஐந்து வருஷத்தில் முடியும். அரவங்காட்டு வெடிமருந்துக்கு முள்வேலியும் காவலும் போட்டிருக்கிறோம். அது சரிதான். ஆனால் 1966இல் வாங்கிய அவமானம் திரும்ப வராமல் இந்த நாட்டைக் காத்ததில் பக்கத்துக் கோதுமைப் பாத்திக்கும் பங்குண்டு என்பதை எத்தனை பாடப்புத்தகம் சொல்லுகிறது?

இன்னொரு வேடிக்கை. இந்தப் பண்ணை எந்த ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்ததோ அந்த ஸ்தாபனம், 1905இல் பீகாரில் பூசா என்ற ஊரில் துவங்கியது. 1934 பூகம்பத்துக்குப் பிறகு டெல்லிக்கு வந்தது. அதற்கு முதல் பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர். கார்னெகி என்ற இரும்பு வியாபாரியின் கூட்டாளி. கர்ஸன் பிரபுவிடம் அவர் கொடுத்த அந்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டுதான் 1907இல் இந்தக் குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஏற்பட்டது. அதற்கு முன் இந்தத் தேசத்தில் நாய் கடித்தவன் மருந்துக்கு வடக்கே கசௌலிக்குப் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? ஃபிப்ஸ் துரை என்ன நினைத்துக் கொடுத்தாரோ நமக்குத் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாய்க்கடிக்காரன் பிழைக்கிறான். பூசையும் கோபுரமும் கட்டிக் கொடுத்த நமது நாட்டுப் பணக்காரர்களுடைய புண்ணியக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆயுத உதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1962இல் சீனப் பட்டாளம் எல்லை தாண்டி வந்தபோது அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுதம் அனுப்பின. கூடவே, காஷ்மீர் விஷயத்தைப் பாகிஸ்தானோடு பேசித் தீர்த்துக்கொள் என்ற நிர்ப்பந்தமும் வந்தது. 1965 யுத்தத்தில் பாகிஸ்தான் ஓட்டி வந்த பாட்டன் டாங்கிகள் அமெரிக்கா கொடுத்தவை. யுத்தம் வந்ததும் இரண்டு பேருக்கும் ஆயுதத்தை நிறுத்திவிட்டது அமெரிக்கா. 1971இல் அதே அமெரிக்கா வங்காள விரிகுடாவுக்குக் கப்பற்படையையே அனுப்பியது. அந்த யுத்தத்தின் தளபதி மானெக்‌ஷா பிற்காலத்தில் இந்தக் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008இல் வெலிங்டனில் இறந்தார். அந்த 1971 ஆகஸ்டில் சோவியத்து ருஷியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டோம். அவர்கள் ஆயுதமும் கொடுத்தார்கள், ரூபாய்க்கே நமது தேயிலையும் வாங்கினார்கள். 1991இல் சோவியத்து உடைந்தது. ஆயுதத்துக்கு உதிரி பாகம் தேடி டெல்லி அலைந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்து இந்த மலையின் சிறு விவசாயி தவித்தான். ஒரே கடையில் கணக்கு வைத்தவன், அந்தக் கடை மூடினால் என்ன ஆவான் என்பதை இந்த மலைக்காரர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திறந்த கை மூடுவது பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கத் தலைவர் டிரம்ப் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தார். அறுபது வருஷத்துக்கு மேல் இருந்த அவர்களுடைய உதவி ஸ்தாபனம் அந்த ஜூலையோடு முடிந்தது. ஆப்பிரிக்காவில் மருந்துக்கும் உணவுக்கும் அதையே நம்பியிருந்தவர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

இதுவரை வாங்கினதைப் பேசினோம். இப்போது இந்தியாவே கொடுக்கும் தேசமாகவும் ஆகியிருக்கிறது. கொடுக்கும் இடத்துக்கு வந்தவுடன் நம்மவர்களும் மற்றவர்கள் செய்ததையே செய்கிறார்கள். வெலிங்டன் கல்லூரியில் பல நாட்டு இராணுவ அதிகாரிகள் வந்து படிக்கிறார்கள். அதுவும் ஒருவித உதவிதான். நம்மிடம் படித்தவன் நமக்கு விரோதமாகப் போகமாட்டான் என்பது கணக்கு. 2013இல் இலங்கை அதிகாரிகள் அங்கு படித்ததைத் தமிழ்நாட்டுக் கட்சிகளும் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் எதிர்த்தார்கள். முள்ளிவாய்க்கால் நடந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் சீனன் சொல்லிக்கொடுப்பான் என்பது டெல்லிப் பக்கத்து வாதம். சீனன் சொல்லிக்கொடுப்பான் என்பது உண்மையே. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவின் கடனில் கட்டிய இலங்கை, 2017இல் அதைச் சீனக் கம்பெனிக்கே 99 வருஷக் குத்தகைக்கு விட்டதை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் கேட்கிறோம்: யாருடைய பாதுகாப்புக்காக இந்த உதவி என்று சொல்லப்படுகிறதோ, அந்த ஜனங்களின் நெஞ்சு அதைக் கேட்டால் என்ன சொல்லும் என்பது பாதுகாப்புக் கணக்கில் சேராதா?

2022இல் இலங்கை திவாலாயிற்று. பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, பால் பவுடர் இல்லை. இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுத்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் செய்து, 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் கொடுக்க முன்வந்தது. முதல் கப்பல் அந்த மே மாதம் சென்னையிலிருந்து போயிற்று. தமிழருக்கு மட்டும் என்றில்லாமல் அந்நாட்டு ஜனங்கள் எல்லோருக்கும் என்று கொடுத்தது மிகவும் சரியான காரியம். பசிக்கு மொழி ஏது? மதம் ஏது?

அந்த அரிசி போன செய்தியைப் படித்தபோது பந்தலூரிலும் சேரம்பாடியிலும் உள்ள தோழர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களுடைய பாட்டனும் முப்பாட்டனும் இலங்கைத் தோட்டங்களை உண்டாக்கினவர்கள். 1948இல் அவர்களுடைய பிரஜா உரிமையை அந்த நாட்டு சர்க்கார் பறித்தது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் டெல்லியில் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சீன யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அண்டை நாடு ஒன்றாவது நம் பக்கம் இருக்கட்டும் என்ற எண்ணம் டெல்லிக்கு இருந்தது. அந்தச் சிநேகத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பணமல்ல, கோதுமையல்ல, ஆட்கள். நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அவர்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கொடுத்து, இந்தக் குளிரில் வந்து விழுந்தார்கள்.

அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் சர்க்கார் தேயிலைத் தோட்டத் திட்டம் துவங்கி, அது 1976இல் டான்டீ என்ற கம்பெனியாயிற்று. காட்டைத் திருத்திச் செடி வைத்ததும், அட்டைக் கடியில் நின்று கொழுந்து பறித்ததும் அவர்கள் கைதான். இலங்கைக்கு அரிசிக் கப்பல் போன அதே 2022ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், நஷ்டம் என்று சொல்லி, டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திரும்ப ஒப்படைக்க உத்தரவாயிற்று. லயன் வீட்டில் இருப்பவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டுமே, போவதெங்கே என்று கேட்டார்கள். கூடலூரில் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள். பெரிய தேசங்கள் சீனா எங்கே வந்துவிடுமோ, அமெரிக்கா எங்கே போய்விடுமோ என்று பாதுகாப்பைப் பற்றி மகாநாடு போடுகின்றன. இந்தத் தோழர்கள் கேட்ட பாதுகாப்பு, ஒழுகாத கூரையும், அந்தக் கூரை இருக்கும் நாலு சென்ட் நிலத்துக்குத் தங்கள் பேரில் ஒரு பட்டாவும்தான்.